டேவிட்சன் புத்தகத்துக்குப் பின்னால் ஒரு வாத்தியார்

நம்மூர் மருத்துவக் கல்லூரிகளில் டேவிட்சன் என்றால் பொது மருத்துவத்துக்கான கனமான ஒரு பாடப்புத்தகம். "டேவிட்சன் வாங்கிட்டியா?", "டேவிட்சன்ல கார்டியாலஜி முடிச்சாச்சா?", "இப்போதைக்கு டேவிட்சன் போதும், ஹாரிசன் எல்லாம் பி.ஜி. வந்தப்புறம் பார்த்துக்கலாம்." (ஹாரிசன் என்பது அதைவிட விரிவான அமெரிக்கப் பாடப்புத்தகம், பி.ஜி. என்பது மேற்படிப்பு.) ஹாஸ்டல் வராந்தாவில் அந்தப் பெயர் இப்படித்தான் புழங்கும். நானும் அப்படிப் புழங்கியவன்தான். புத்தகத்தின் ஆரம்பப் பக்கங்களில் அதை எழுதிய டேவிட்சனைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு இருக்கும். பரீட்சைக்கு வராத பக்கம் என்பதால் பெரும்பாலான மாணவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். மருத்துவராகிப் பல வருஷம் கழித்து, ஜூனியர்களுக்கு வகுப்பெடுக்க ஆரம்பித்தபோதுதான் அந்த மனிதரைப் பற்றித் தேடிப் படித்தேன். அந்தப் புத்தகம் ஏன் அப்படி இருக்கிறது என்பது அதற்கப்புறம்தான் பிடிபட்டது. அது ஒரு வாத்தியாரின் வகுப்பறையில் உருவான புத்தகம். அதை எழுதியவர் நாற்பது வருஷம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று தெரிந்தால், ஒவ்வொரு அத்தியாயத்திலும் அவர் கை தெரியும்.

முழுப் பெயர் லேபோர்ன் ஸ்டான்லி பேட்ரிக் டேவிட்சன். 1894 மார்ச் மாதம் இலங்கையில் பிறந்தவர். அந்தத் தீவின் மலைத் தோட்டங்களில் அன்று நம் மக்கள், வெறுங்கால் வழியே உடலுக்குள் புகுந்து குடலில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவாலும் அரைவயிற்றுச் சாப்பாட்டாலும் ரத்தம் வற்றி, வெளிறிய முகத்தோடு கூடை சுமந்துகொண்டிருந்தார்கள். அங்கே பிறந்த குழந்தை வளர்ந்து, தன் ஆராய்ச்சியின் பெரும்பகுதியை ரத்தசோகைக்குக் கொடுத்தது. ஒன்றால்தான் மற்றது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டும் சேர்ந்தேதான் நினைவுக்கு வருகின்றன.

இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் மருத்துவம் தொடங்கினார். முதல் உலகப்போர் வந்ததும் படிப்பு நின்றது. கார்டன் ஹைலேண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் படைப்பிரிவில் சேர்ந்து போர்முனைக்குப் போய், படுகாயம் பட்டுத் திரும்பினார். தன் வயதுப் பையன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்ததைக் கண்ணெதிரே பார்த்தவர். அந்த அனுபவம் அவருடைய மனப்போக்கையே மாற்றியது என்று அவரை அறிந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். விட்ட படிப்பை ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் தொடர்ந்து 1919-ல் முதல் வகுப்பில் தேறினார்.

அவர் கால் வைத்த துறையில் அன்று என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பெர்னிஷியஸ் அனீமியா, அதாவது 'கொல்லும் ரத்தசோகை', என்று ஒரு நோய். லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அதை விவரித்திருந்தார். நோயாளி மெல்ல மெல்ல எலுமிச்சை நிறத்துக்கு வெளிறிப் போவார். நாக்கு வழவழவென்று சிவந்து எரியும். கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சில மாதங்களிலோ சில வருஷங்களிலோ இறந்துபோவார். டேவிட்சன் மாணவராக இருந்தபோது இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. அந்தப் பெயரிலேயே மரணம் இருந்தது.

1926-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஜார்ஜ் மைனாட்டும் வில்லியம் மர்ஃபியும் 45 நோயாளிகளுக்கு தினமும் நிறைய ஈரல் சாப்பிடக் கொடுத்து, அவர்கள் தேறி வருவதைக் காட்டினார்கள். ஏதோ ஒரு துண்டு ஈரல் என்று நினைத்துவிடக் கூடாது. நாளுக்குக் கால் கிலோ வரைக்கும், வேகாததாகவோ அரைவேக்காடாகவோ, நாள் தவறாமல் சாப்பிட வேண்டும். நாக்கு புண்ணாகி, பசியே செத்துப்போன ஒரு கிழவருக்கு அதை ஊட்டிவிடும் நர்ஸை நினைத்துப் பாருங்கள். ஆனால் அதைச் சமாளித்துச் சாப்பிட்டவர்களுக்கு ஒரு வாரம் பத்து நாளில் ரத்தத்தில் ரெட்டிகுலோசைட் எனப்படும் இளம் சிவப்பணுக்கள் திடீரென்று எகிறின. ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை விழித்துக்கொண்டது என்பதற்கு அதுதான் அடையாளம். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள்.

டேவிட்சன் இந்த மாற்றத்தின் நடுவில் நின்றவர். எடின்பரோவில் மருத்துவப் பேராசிரியராக இருந்த லவல் கல்லண்டுடன் சேர்ந்து 1930-ல் பெர்னிஷியஸ் அனீமியா பற்றியே ஒரு தனி நூல் எழுதினார். 1934-ல் மைனாட், மர்ஃபி, இவர்களுக்கு முன்னோடியான விப்பிள் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1948-ல் ஈரலுக்குள் இருந்த பொருளைச் சிவப்புப் படிகமாகப் பிரித்தெடுத்து வைட்டமின் பி12 என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு ஈரல் வேண்டாம், ஊசி போதும் என்றாகிவிட்டது. மாணவராக இருந்தபோது கொல்லும் நோய், இளம் மருத்துவராக இருந்தபோது ஈரல் உணவு, பேராசிரியராக இருந்தபோது ஒரு ஊசி. ஒரே மனிதரின் பணிக்காலத்துக்குள் இவ்வளவும் நடந்தது. இதைக் கண்ணால் பார்த்தவருக்குப் பாடப்புத்தகம் எவ்வளவு சீக்கிரம் பழசாகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்னால் அவர் தன் புத்தகத்தைச் சுமார் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திருத்திப் புதுப் பதிப்பாகக் கொண்டுவந்தார். அந்த அவசரத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1930-ல் அபர்தீன் பல்கலைக்கழகம் அவரை மருத்துவப் பேராசிரியராக நியமித்தது. ஸ்காட்லாந்திலேயே முதல் முழுநேர மருத்துவப் பேராசிரியர் பதவி அது. உலக அளவிலும் முதல் சிலவற்றில் ஒன்று. 'முழுநேரம்' என்பது இன்றைக்குச் சாதாரணமாகத் தெரியும். அன்று பிரிட்டனில் தேசிய மருத்துவச் சேவை கிடையாது, அது 1948-ல்தான் வந்தது. நன்கொடையில் நடந்த பெரிய மருத்துவமனைகளில் மூத்த மருத்துவர்கள் சம்பளமில்லாமல்தான் வேலை பார்த்தார்கள். வீட்டுக்கு வரும் பணக்கார நோயாளிகளின் ஃபீஸில்தான் குடும்பம் ஓடும். பேராசிரியர் பதவி ஒரு கௌரவம். மீந்த நேரத்தில் பாடம், அதற்கும் மீந்ததில் ஆராய்ச்சி. முப்பத்தாறு வயதில் டேவிட்சனுக்குக் கிடைத்தது இதற்கு நேர்மாறான வாழ்க்கை. காலை முதல் மாலை வரை வார்டு, மாணவர்கள், ஆய்வகம்.

அந்த நேரத்தை அவர் எதில் செலவழித்தார் என்று பாருங்கள். அபூர்வ நோய்களைத் தேடிப் போகவில்லை. அபர்தீனின் ஏழைக் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருக்கிறது என்று ஊருக்குள் போய்ப் பார்த்தார். உலகப் பொருளாதார நெருக்கடியின் காலம். சக மருத்துவர்களோடு சேர்ந்து 1935-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அந்தக் கணக்கெடுப்பை வெளியிட்டார். பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். வீட்டில் இருக்கும் கொஞ்சம் கறி புருஷனுக்கும் வேலைக்குப் போகிற பையனுக்கும் போய்விடும். அம்மா ரொட்டியும் தேநீரும் சாப்பிட்டு நாளைக் கழிப்பாள். அதோடு மாதவிலக்கு, அடுத்தடுத்த பிரசவங்கள். இதில் எந்த வரியை நம்மூர் வீடுகளுக்குப் பொருந்தாது என்று சொல்ல முடியும்?

எங்கள் காலத்தில் மாணவர்கள் கையாலேயே ஹீமோகுளோபின், அதாவது ரத்தத்தின் சிவப்பு நிறப்பொருளின் அளவு, பார்க்க வேண்டும். சாலி முறை. விரல் நுனியைக் குத்தி, மெல்லிய குழாயில் 20 கன மில்லிமீட்டர் ரத்தத்தை உறிஞ்சி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும் குட்டிக் குழாய்க்குள் ஊதி விட வேண்டும். ரத்தம் பழுப்பாகும். பத்து நிமிஷம் வைத்துவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் கலக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்துக் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஒருநாள் வார்டில் ஒரு அம்மாவுக்கு நான்கு சொட்டுத் தண்ணீர் விடுவதற்குள் நிறம் ஒத்துப்போய்விட்டது. அளவு 4 கிராம், இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. எங்கள் யூனிட் சீஃபிடம் (வார்டுப் பிரிவின் தலைமை மருத்துவர்) பெருமையாக "அயர்ன் டெஃபிஷியன்சி அனீமியா சார்", அதாவது இரும்புச்சத்துக் குறைவால் வந்த ரத்தசோகை, என்றேன். அவர் அந்த அம்மாவின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், நகங்களை ஒவ்வொன்றாகத் தடவினார். கரண்டி மாதிரிக் குழிந்திருந்தன. அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்: "சரி. இரும்பு குறைஞ்சிருக்கு. எங்கே போச்சு?" எனக்குப் பதில் வரவில்லை. அவரே அந்த அம்மாவிடம் திரும்பி, "ஏம்மா, வயலுக்குப் போறப்ப செருப்புப் போடுவீங்களா? மாசாமாசம் எத்தனை நாளைக்குப் போகும்? கடைசிக் குழந்தைக்கு எத்தனை வயசு?" என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு பதிலுக்கும் எங்கள் பக்கம் திரும்பி, "ஏன் கேட்டேன்?" என்றார்.

டேவிட்சனின் படுக்கையருகு வகுப்பைப் பற்றி எழுதியவர்கள் சொல்வதும் இதைத்தான். எதையும் கேள்வி கேட்காமல் விடக் கூடாது, எதையும் விளக்காமல் விடக் கூடாது. என் சீஃப் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவருடைய சீஃப் எடின்பரோவில் எம்.ஆர்.சி.பி. என்ற மருத்துவ மேற்பட்டம் வாங்கியவர். ஒரு தலைமுறையில் சென்னை, மதுரை, யாழ்ப்பாணம் எங்கும் பல மருத்துவர்களின் பெயர்ப்பலகையில் அந்த எடின்பரோ பட்டம் இருந்தது. கேள்வி கேட்கும் அந்தப் பழக்கம் கை மாறிக் கை மாறித்தான் எங்கள் வார்டு வரைக்கும் வந்திருக்க வேண்டும்.

1938-ல் எடின்பரோ பல்கலைக்கழகம் அவரை மருத்துவப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அடுத்த வருஷமே இரண்டாவது உலகப்போர். உணவுப் பங்கீட்டுக் காலத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ரத்தசோகை கூடுகிறதா குறைகிறதா என்று போர் நடுவிலும் அளந்துகொண்டிருந்தார். ஓய்வு பெறும் 1959 வரை அந்தப் பதவியில்தான் இருந்தார். 1953 முதல் 1957 வரை எடின்பரோ ராயல் காலேஜ் ஆஃப் ஃபிஸிஷியன்ஸின் தலைவர். சர் பட்டமும் வந்தது. இந்தப் பதவிகளைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது அவருடைய நோட்ஸைப் பற்றி.

மருத்துவப் பாடத்தின் முறையான விரிவுரைகளில் பெரும்பாலானவற்றை டேவிட்சன் தானே எடுத்தார். இவ்வளவு பெரிய துறையின் தலைவர் இதயம், நுரையீரல், சிறுநீரகம், ரத்தம் என்று தலைப்புக்குத் தலைப்பு தானே நின்று பாடம் நடத்துவது சாதாரண விஷயமில்லை. இன்று எங்கள் கல்லூரிகளில் ஒரு பேராசிரியர் வருஷத்துக்குச் சில வகுப்புகள் எடுத்தாலே பெரிது. விரிவுரைகளின் சாரத்தைத் தட்டச்சு செய்து மாணவர்களுக்குக் கொடுத்துவிடுவார். அவசியமானது மட்டும் இருக்கும். அன்று கிடைத்த எந்தப் பாடப்புத்தகத்தையும் விட அந்தத் தாள்கள் உபயோகமாக இருந்தன என்று பேர் வாங்கின.

1940-களின் கடைசியில் அந்தத் தாள்களைப் புத்தகமாக்கும் யோசனை வந்தது. 1952-ல் எடின்பரோவின் லிவிங்ஸ்டன் பதிப்பகம் வெளியிட்டது. தலைப்பு: 'மருத்துவத்தின் கோட்பாடுகளும் நடைமுறையும்'. எழுதியவர்கள் டேவிட்சனும் அவருடைய துறையைச் சேர்ந்த மருத்துவர்களும். பல பேர் எழுதியும் நடை ஒன்றாகவே இருந்தது, அளவு அடக்கம், விலையும் அடக்கம். டேவிட்சனின் பெயர் தலைப்பிலேயே ஏறியது பிற்காலப் பதிப்புகளில்தான்.

அமெரிக்காவில் டின்ஸ்லி ஹாரிசனின் புத்தகம் இதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1950-ல் வந்தது. இரண்டில் எது உசத்தி என்று எழுபது வருஷமாக ஹாஸ்டல்களில் சண்டை நடக்கிறது. என் கட்சி இது: தெரிந்ததை எல்லாம் சொல்வது ஒரு திறமை, ஹாரிசன் அதைப் பிரமாதமாகச் செய்கிறது. எதைச் சொல்லாமல் விடுவது என்று முடிவெடுப்பது அதைவிடக் கஷ்டமான வேலை. நெஞ்சு வலி என்று வரும் ஆளுக்கு இருக்கக்கூடிய முப்பது காரணங்களில் இருபதைத் தள்ளிவிட்டு, மீதிப் பத்தை எந்த வரிசையில் ஒரு இருபது வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது? அதை முடிவு செய்ய நோயைத் தெரிந்தால் போதாது, எதிரில் உட்கார்ந்திருக்கும் மாணவனையும் தெரிந்திருக்க வேண்டும். எந்த இடத்தில் அவன் கண் சொருகுகிறது, எங்கே தப்பாகப் புரிந்துகொள்கிறான், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் எதைக் குழப்புகிறான் என்பதை வருஷக்கணக்காக நின்று பார்த்திருக்க வேண்டும். டேவிட்சனுக்கு அது தெரிந்திருந்தது. அவர் புத்தகத்தில் அடிக்கடி வரும் நோய்க்கு நிறைய இடம், அபூர்வமான நோய்க்குச் சில வரிகள். படிக்கிற பையனுக்கு நாளை வார்டில் யார் வருவார்கள் என்பதை அந்தப் பக்க அளவே சொல்லிக்கொடுத்துவிடும்.

விலை விஷயத்தையும் சும்மா கடந்துபோக முடியாது. மலிவாக இருக்க வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே அந்தப் புத்தகத்தின் இலக்கணத்தில் இருந்தது. பின்னால் பிரிட்டிஷ் அரசின் நிதியுதவியோடு வளரும் நாடுகளுக்காக இ.எல்.பி.எஸ். என்ற மலிவுப் பதிப்புகள் வந்தபோது டேவிட்சனும் அதில் சேர்ந்தது. எங்கள் தலைமுறையில் பலர் வைத்திருந்தது அந்தப் பதிப்புதான். சீனியரிடம் பாதி விலைக்கு வாங்கி, அவர் அடிக்கோடு போட்டதன் மேலேயே நாமும் அடிக்கோடு போட்டு, இரண்டு வருஷம் கழித்து ஜூனியருக்கு விற்ற புத்தகம். கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாக மருத்துவம் படிக்க வந்த பிள்ளைகள் சொந்தமாக ஒரு நல்ல மெடிசின் புத்தகம் வைத்திருக்க முடிந்தது என்றால், அதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்குக் கிடைத்த பதிப்பில் வெப்பமண்டல நோய்களுக்கும் குடற்புழுக்களுக்கும் தனி அத்தியாயம் இருந்தது. எடின்பரோவில் அச்சான புத்தகத்தைத் திறந்து, காலையில் நான் பார்த்த நோயாளியின் கொக்கிப்புழுவை மாலையில் அதில் படிக்க முடிந்தது.

இன்னொரு புத்தகத்தையும் சொல்லிவிடுகிறேன், நம் மண்ணுக்கு நேரடித் தொடர்பு உள்ளது என்பதால். ஓய்வு பெற்ற அதே 1959-ல் மைக்கிள்ஜான், ரெஜினால்ட் பாஸ்மோர் இருவரோடும் சேர்ந்து டேவிட்சன் மனித ஊட்டச்சத்து பற்றிப் பெரிய நூல் ஒன்றைக் கொண்டுவந்தார். இந்தப் பாஸ்மோர் முன்பு இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். நீலகிரியில், குன்னூரில் அன்று இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வகத்தின் தலைவர் அய்க்ராய்டு, பி.ஜி.கிருஷ்ணன், ஏ.ஆர்.சுந்தரராஜன் ஆகியோருடன் சேர்ந்து 1940-ல் இந்தியாவின் அரிசிப் பிரச்சினை பற்றி ஒரு ஆய்வறிக்கை எழுதியிருக்கிறார். மில்லில் தீட்டிய பச்சரிசியில் தவிட்டோடு பி1 சத்து போய்விடுகிறது, புழுங்கலரிசியில் அது அரிசிக்குள்ளேயே ஊறி நிற்பதால் பெருமளவு தங்கிவிடுகிறது; அதனால் புழுங்கலரிசி சாப்பிடுகிறவர்களுக்கு, அந்தச் சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோய் குறைவு. இப்படிப்பட்ட விஷயங்களை அங்கே ஆராய்ந்தார்கள். குன்னூர் ஆய்வகம் 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறிப் போய்விட்டது. ஆனால் குன்னூரில் பழகிய கண் ஒன்று எடின்பரோவில் டேவிட்சனின் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது என்பது எனக்கு இன்றும் சந்தோஷமான விஷயம்.

டேவிட்சனுக்கு அப்புறம் புத்தகத்தை ஏற்றுக்கொண்டவர் ஜான் மெக்லியோட். வார்டில் நோயாளியைப் பரிசோதிக்கக் கற்றுத்தரும் 'மெக்லியோட்' புத்தகத்தை 1964-ல் தொடங்கியவரும் அவரே. டேவிட்சன் 1981-ல் காலமானார். பதிப்புகள் நிற்கவில்லை; 2022-ல் 24-ஆவது பதிப்பு வந்தது. இப்போது அது வண்ணப் படங்களும் அட்டவணைகளும் நிறைந்த பெரிய புத்தகம், பல நாட்டு மருத்துவர்கள் எழுதுகிறார்கள். மருத்துவம் அவ்வளவு விரிந்துவிட்டது, வேறு வழியும் இல்லை. ஆனாலும் ஒரே ஆள் எதிரில் நின்று பேசுகிற அந்தத் தொனி பழைய பதிப்புகளில்தான் எனக்குக் கேட்கிறது.

மருத்துவ மாணவர் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பழைய புத்தகக் கடையிலோ கல்லூரி நூலகத்தின் பின் அலமாரியிலோ அறுபதுகளின் டேவிட்சன் ஒன்று கிடைத்தால் ரத்த நோய்கள் அத்தியாயத்தை மட்டும் உட்கார்ந்து படியுங்கள். மருந்துகளும் அளவுகளும் காலாவதியானவை, அதைப் பார்த்து யாருக்கும் எழுதிவிடாதீர்கள். ரத்தசோகைக்கான காரணங்களை அவர் எந்த வரிசையில் அடுக்குகிறார், எதை ஒரே வாக்கியத்தில் முடிக்கிறார், எதற்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறார் என்று கவனியுங்கள். அடுத்த நாள் வார்டில் வெளிறிய முகத்தோடு ஒருவர் வந்தால், அந்த வரிசையிலேயே அவரிடம் கேட்டுப் பாருங்கள்.